ஒரு சின்ன மலை, ஒரு கூடாரம், நான்கு மாதச் சிறை

எங்கள் கல்லூரி சீனியர் ஒருவர் மேற்படிப்புக்காக இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் நகரத்துக்குப் போயிருக்கிறார். போன மாதம் ஒரு போட்டோ அனுப்பினார். பச்சைப் பசேலென்று ஒரு மலை முகடு. அதன் மேல் வகிடு எடுத்த மாதிரி கல் பாவிய ஒற்றையடிப் பாதை. பாதையில் கைத்தடியோடு ஒரு தாத்தா, அவருக்கு முன்னால் இரண்டு குட்டிப் பிள்ளைகள்.

"இதெல்லாம் ஒரு மலையேற்றமா அண்ணா?" என்று கிண்டலாகக் கேட்டேன். "கார் நிறுத்துற இடத்துல இருந்து உச்சிக்கு இருபது நிமிஷம்தான்டா, பாதி தூரம் படிக்கட்டு" என்று அவரே ஒத்துக்கொண்டார். ராத்திரி மேலேயே தங்கினீர்களா என்றதற்கு, "இல்லை, மேலே கூடாரம் அடிக்கக் கூடாதாம். கீழே கிராமத்துல காசு கட்டி ஒரு வயல்ல அடிச்சோம்" என்றார்.

அந்தக் 'கூடாதாம்'தான் என்னைப் பிடித்துக்கொண்டது. யார் சொன்னது கூடாது என்று? மலை யாருடையது? தேர்வுக்குப் படிக்க வேண்டிய ஒரு வாரத்தை இதைத் தேடுவதிலேயே தொலைத்தேன். அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவில் இருக்கிறது பீக் டிஸ்ட்ரிக்ட் என்ற மலைநாடு. அதில் தெற்கே காசில்டன் என்ற கிராமம், வடக்கே ஈடேல் என்ற பள்ளத்தாக்கு. இரண்டையும் பிரிக்கும் சுவர் மாதிரி ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு முகடு. அதன் மேற்கு முனைதான் மாம் டார், 517 மீட்டர். கிழக்கு முனை லூஸ் ஹில், 476 மீட்டர். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் வின் ஹில் என்று இன்னொரு குன்று இருக்கிறது. இரண்டு அரசர்கள் சண்டை போட்டார்கள், தோற்றவன் தங்கிய குன்று லூஸ், வென்றவன் தங்கியது வின் என்று ஒரு கதை சொல்கிறார்கள். ஆதாரம் ஒன்றும் கிடையாது. போதாக்குறைக்குத் தோற்றவன் குன்றுதான் உயரமாக வேறு இருக்கிறது!

மாம் டார் உச்சியைச் சுற்றி ஒரு மண் கோட்டையின் மேடும் அகழியும் இன்றும் தெரிகின்றன. 1960களில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் தோண்டிப் பார்த்தார்கள். உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட வீட்டு மேடைகள் இருந்தது தெரிந்தது. அங்கே கிடைத்த கரித்துண்டுகளின் வயது ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டு. ஆக, இந்த உச்சியில் ராத்திரி தங்குவது ஒன்றும் புதிய வழக்கம் இல்லை.

மலையின் கிழக்குப் பக்கம் சரிந்துகொண்டே இருக்கும். அடியில் இருப்பது பொடியும் ஷேல் பாறை, மேலே கனமான மணற்பாறை. மழை பெய்தால் வழுக்குகிறது. 1819இல் அந்தச் சரிவின் மேலேயே வண்டிப் பாதை ஒன்று போட்டார்கள். போட்ட நாளிலிருந்து பழுது பார்த்தார்கள், பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 1979இல் மலை ஜெயித்தது. சாலையை நிரந்தரமாக மூடிவிட்டார்கள். உடைந்து மடிந்த தார் ரோட்டை இன்றும் போய்ப் பார்க்கலாம்.

எனக்குப் பிடித்த இடம் முகட்டின் நடுவில் இருக்கும் ஹாலின்ஸ் கிராஸ் என்ற தாழ்வான வளைவு. ஈடேலில் 1630கள் வரை சொந்தமாகத் தேவாலயம் இல்லை. யாராவது இறந்தால் சவப்பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு இந்த வளைவு வழியாக ஏறி இறங்கிக் காசில்டனுக்குக் கொண்டுபோய்த்தான் அடக்கம் செய்ய வேண்டும். பனிக்காலத்தில் ஒரு சாவு விழுந்தால் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிறகு 1790களில் ஈடேலில் ஒரு பருத்தி ஆலை வந்தது. இப்போது பாதை எதிர்த் திசையில் உயிர் பெற்றது. காசில்டன் பெண்கள் இதே வளைவைத் தாண்டி ஆலை வேலைக்குப் போனார்கள். நாம் 'சுலபமான நடை' என்று சொல்வது அவர்களுக்கு ஷிப்ட்டுக்கு முன்னால் ஒரு மலை.

இப்படிச் செத்தவரும் உழைத்தவரும் தேய்த்த பாதை என்பதால் அதில் நடக்க யாரும் தடை சொல்ல முடியவில்லை. ஆங்கிலச் சட்டத்தில் நெடுங்காலம் மக்கள் நடந்த பாதைக்குத் தனி மரியாதை உண்டு. நிலம் யாருடையதாக இருந்தாலும் பாதை பொது. ஆனால் ஹாலின்ஸ் கிராஸில் நின்று வடக்கே திரும்பினால் ஈடேலுக்கு அப்பால் ஒரு பெரிய மேசை மாதிரி கிண்டர் ஸ்கவுட் தெரியும். 636 மீட்டர். அந்தப் பகுதியிலேயே உயரமானது. அங்கே கதை வேறு.

கிண்டர் முன்பு ஊர் மக்கள் ஆடு மேய்த்த இடம், நம் வழக்கில் சொன்னால் மேய்ச்சல் புறம்போக்கு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இப்படிப்பட்ட நிலங்களை நாடாளுமன்றச் சட்டம் போட்டுப் பிரித்து, ஏற்கனவே நிலம் வைத்திருந்தவர்களுக்கே பங்கு கொடுத்தார்கள். வேலியடைப்பு என்று வரலாற்றுப் புத்தகத்தில் இரண்டு வரியில் வரும் விஷயம் இதுதான். வாங்கியவர்கள் அங்கே பயிரா செய்ய முடியும்? கிரவுஸ் என்று கௌதாரி மாதிரி ஒரு பறவை அங்கே உண்டு. அதைச் சுடுவது பணக்காரர்களின் விளையாட்டு. ஆகஸ்ட் 12 தொடங்கி டிசம்பர் 10 வரை சீசன். அந்தப் பறவைகள் கலையாமல் முட்டையிட்டுப் பெருக வேண்டும் என்பதற்காக வருடம் முழுக்க யாரும் உள்ளே வரக் கூடாது. தடியோடு வேட்டைக் காவலர்கள் திரிந்தார்கள். காமர்ஸ் மாணவனாக இதை ஒரு வரியில் சொல்வதென்றால், சில நாள் வேட்டைக்காக ஒரு முழு மலையை வருடம் பூராவும் லாக்கரில் வைத்திருந்தார்கள்.

1894இல் ஈடேல் வழியாக ரயில் வந்தது. ஒரு பக்கம் மான்செஸ்டரின் பஞ்சாலைப் புகை, மறுபக்கம் ஷெஃபீல்டின் எஃகு உலைப் புகை. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் விடுமுறை. டிக்கெட் எடுக்கக் காசு தேறிய தொழிலாளிகள் காற்று வாங்க இங்கேதான் வந்தார்கள். 1900இல் ஷெஃபீல்டைச் சேர்ந்த வார்ட் என்ற பொறியியல் தொழிலாளி, 'கிளாரியன்' என்ற சோஷலிசப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஒரு சின்னக் கூட்டத்தைச் சேர்த்து, கிண்டரைச் சுற்றி நடத்திக்கொண்டு போனார். சுற்றித்தான், மேலே இல்லை. அதிலிருந்து பிறந்தது ஷெஃபீல்ட் கிளாரியன் ராம்ப்ளர்ஸ் என்ற நடைச் சங்கம்.

சட்ட வழியையும் அவர்கள் விடவில்லை. 1884இலேயே ஜேம்ஸ் பிரைஸ் என்ற எம்.பி. மலைகளில் நடக்கும் உரிமைக்காக ஒரு மசோதா கொண்டுவந்தார். தோற்றது. பிறகு திரும்பத் திரும்ப வந்தது, திரும்பத் திரும்பத் தோற்றது. நிலம் வைத்திருந்தவர்களே சட்டம் இயற்றும் சபையிலும் உட்கார்ந்திருந்தால் வேறென்ன நடக்கும்?

இங்கே ஒரு சின்னச் சட்டப் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 'அத்துமீறி நுழைபவர் தண்டிக்கப்படுவர்' என்ற பலகை நமக்கும் பழக்கம்தான். இங்கிலாந்தில் வெறுமனே ஒருவர் நிலத்தில் நுழைந்து நடப்பது அன்று குற்றமே கிடையாது. அது சிவில் விவகாரம். உரிமையாளர் நஷ்டஈடு கேட்கலாம், தடை உத்தரவு வாங்கலாம், வெளியே போகச் சொல்லலாம். போலீஸ் பிடித்துச் சிறையில் போட முடியாது. அதனால் நடப்பவர்கள் அந்தப் பலகைகளுக்கு 'மரப் பொய்யர்கள்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

இனிதான் கூடாரம் வருகிறது. 1932 ஈஸ்டர் விடுமுறையில், கிண்டருக்கு மேற்கே ரோவார்த் என்ற குக்கிராமத்தில் 'பிரிட்டிஷ் தொழிலாளர் விளையாட்டுக் கூட்டமைப்பு' ஒரு முகாம் போட்டது. கம்யூனிஸ்ட் சார்புள்ள இளைஞர்கள். லண்டனிலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். வந்தவர்களுக்கு மலை காட்டலாம் என்று ஒரு சிறு குழு பிளீக்லோ என்ற மேட்டுக்குக் கிளம்பியது. பாதி வழியில் வேட்டைக் காவலர்கள் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். விருந்தாளிகள் முன்னால் அவமானம். முகாமுக்குத் திரும்பி வந்து பேசும்போதுதான் ஒரு யோசனை பிறந்தது. பத்துப் பேரைத் திருப்பி அனுப்பலாம். நானூறு பேரை?

யோசனையைக் கையில் எடுத்தவர்களில் முக்கியமானவர் மான்செஸ்டரைச் சேர்ந்த பென்னி ராத்மன். யூதத் தொழிலாளர் குடும்பம். வயது 20. என் வகுப்பில் பாதிப்பேருக்கு அந்த வயதுதான். நாங்கள் ஒரு தொழிற்சாலை விசிட்டுக்கு பஸ் பிடிக்கவே மூன்று வாரம் திட்டமிடுகிறோம். இவர்கள் நான்கே வாரத்தில் துண்டுப் பிரசுரம் அடித்து, செய்தித்தாளில் வரவைத்து, தேதியும் இடமும் எல்லோருக்கும் தெரிய அறிவித்தார்கள். ரகசியமே கிடையாது. ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை, ஹேஃபீல்ட்.

ரகசியம் இல்லாததால் போலீசும் வந்தது. ரயில் நிலையத்தில் தன்னை மடக்கத் தடை உத்தரவோடு காத்திருக்கக்கூடும் என்று ராத்மன் சைக்கிளில் வந்து சேர்ந்தார். ஊர் மைதானத்தில் கூட்டம் போட உள்ளூர் விதி இடம் தரவில்லை. உடனே கூட்டத்தைப் பக்கத்தில் பௌடன் பிரிட்ஜ் என்ற பழைய கல்குவாரிக்கு நகர்த்தினார்கள். அங்கே ஒரு பாறை மேல் ஏறி நின்று ராத்மன் பேசினார். சுமார் 400 பேர் கிளம்பினார்கள். கூட்டத்தில் 17 வயது ஜிம்மி மில்லரும் இருந்தார். பின்னாளில் யூவன் மெக்கால் என்ற பெயரில் பெரிய நாட்டுப்புறப் பாடகர் ஆனவர்.

வில்லியம் கிளஃப் என்ற ஓடைப் பள்ளம் வரை பொதுப் பாதை. அது 1897இல் ஒரு பாதைப் பாதுகாப்புச் சங்கம் போராடித் திறந்துவிட்டது. குறிப்பிட்ட இடத்தில் பாதையை விட்டு விலகிச் சரிவில் ஏறினார்கள். மேலே காவலர்கள் நின்றார்கள். தள்ளுமுள்ளு. ஒரு காவலருக்குக் கணுக்காலில் அடி. மற்றவர்கள் தாண்டிப் போய், ஈடேல் பக்கமிருந்து வந்த ஷெஃபீல்ட் குழுவைச் சந்தித்துக் கைகுலுக்கிவிட்டுத் திரும்பினார்கள். இவ்வளவுதான் நடந்தது. கிண்டரின் உண்மையான உச்சிக்கு அவர்கள் போகவே இல்லை. அத்துமீறியது என்னமோ கொஞ்ச தூரம்தான்.

இறங்கி வந்ததும் போலீஸ் பிடித்தது. மொத்தம் ஆறு பேர் மீது வழக்கு. மேலே சொன்ன சட்டப் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அத்துமீறல் குற்றம் இல்லையே, பிறகு எதன் மேல் வழக்கு? கலவரம், தாக்குதல் என்ற பெயரில். ஜூலையில் டார்பி நகர நீதிமன்றத்தில் விசாரணை. வழக்கு விசாரணைக்குத் தகுதியானதா என்று முடிவு செய்த ஜூரியில் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரிகளும் நிலக்கிழார்களும் நிறைந்திருந்தார்கள். ராத்மன் தன் தரப்பைத் தானே எடுத்துப் பேசினார். ஒருவர் விடுதலை. மற்ற ஐந்து பேருக்கு 2 முதல் 6 மாதம் வரை சிறை. ராத்மனுக்கு 4 மாதம்.

என் கருத்தில், அன்றைய நீதிமன்றம் செய்த பெரிய தப்பு அந்தத் தண்டனைதான் (நிலக்கிழார்களின் கோணத்தில் சொல்கிறேன்). வெறுமனே ஐந்து ஷில்லிங் அபராதம் போட்டிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமையை இன்று யாருக்கும் தெரிந்திருக்காது. மலையில் நடந்ததற்கு ஜெயிலா என்று, இவர்களை அதுவரை விரும்பாதவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். ஆம், விரும்பாதவர்கள் இருந்தார்கள், அதுவும் நடைச் சங்கங்களுக்குள்ளேயே. நாங்கள் இத்தனை வருடமாகப் பொறுமையாகப் பேசிவருகிறோம், இந்தப் பொடியன்கள் வந்து காரியத்தைக் கெடுக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். அவர்கள் மாம் டாருக்கு அடியில், காசில்டனை ஒட்டிய வின்னட்ஸ் கணவாயில், 1920களிலிருந்து வருடா வருடம் கூட்டம் நடத்தி வந்தவர்கள். 1932 கோடையில் நடந்த கூட்டத்துக்குப் பத்தாயிரம் பேர் திரண்டார்கள். முந்தைய ஆண்டுகளில் இல்லாத கூட்டம் அந்த வருடம் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்காக வார்டின் பொறுமையைக் குறைத்துச் சொல்லவும் எனக்கு மனமில்லை. ஞாயிறு தவறாமல் ஆட்களை நடத்திக் கூட்டிப்போய், வருடா வருடம் சட்டைப்பையில் அடங்கும் கையேடு அச்சடித்து, எந்தப் பாதை யாருடையது, எந்தப் பெயர் எப்படி வந்தது என்று பழைய ஆவணங்களைக் கிளறி எழுதிக்கொண்டே இருந்தவர் அவர். 1945இல் ஷெஃபீல்ட் நடைச் சங்கங்கள் சேர்ந்து லூஸ் ஹில் உச்சியில் ஒரு துண்டு நிலத்தை விலைக்கு வாங்கி அவருக்கே பரிசாகக் கொடுத்தன. அவர் அதை அங்கேயே நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார், எல்லோரும் நடக்கட்டும் என்று. இன்றும் அந்த இடத்துக்குப் பெயர் 'வார்ட்ஸ் பீஸ்'. வாழ்நாள் முழுக்க அடுத்தவன் நிலத்தில் நடக்க உரிமை கேட்டவர், நில உரிமையாளராக இருந்தது சில நிமிடங்கள்தான் :-)

பிறகு வேகம் பிடித்தது. 1949இல் தேசியப் பூங்காச் சட்டம். 1951 ஏப்ரலில் பீக் டிஸ்ட்ரிக்ட் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆனது. 1950களில் கிண்டரில் நடப்பதற்கு நில உரிமையாளர்களோடு ஒப்பந்தங்கள் போடப்பட்டன. 1965 ஏப்ரல் 24 அன்று, தேதியைக் கவனியுங்கள், ஈடேலிலிருந்து ஸ்காட்லாந்து எல்லை வரை 430 கிலோமீட்டர் போகும் பென்னைன் வே நெடும்பாதை திறக்கப்பட்டது. கோடிக்கணக்கான காலடி பட்டுக் கரிமண் சேறானபோது, சேற்றில் கல் பாவினார்கள். அந்தக் கற்களில் பல எங்கிருந்து வந்தன தெரியுமா? இடிக்கப்பட்ட பழைய பஞ்சாலைகளின் தரைக்கற்கள். வாரம் ஆறு நாள் தொழிலாளி நின்று தேய்த்த கல்லின் மேல்தான் இன்று நடக்கிறார்கள்.

1982இல் கிண்டரையே நேஷனல் டிரஸ்ட் வாங்கியது. 2000இல் வந்த சட்டம் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் மலை, மேட்டுநிலம், பொதுநிலங்களில் பாதையை விட்டு விலகியும் நடக்கும் உரிமையைக் கொடுத்தது. 2004இல் பீக் டிஸ்ட்ரிக்டில் அமலானது. பிரைஸ் மசோதாவிலிருந்து கணக்குப் போட்டால் 120 வருடம்.

2002 ஏப்ரலில் 70ஆம் ஆண்டு நிகழ்ச்சி, அதே பௌடன் பிரிட்ஜ் குவாரியில். 1932இல் கிண்டரின் ஒரு பகுதி டெவன்ஷயர் டியூக் குடும்பத்துக்குச் சொந்தம். அவருடைய பேரனான 11ஆம் டியூக் மேடையேறி, தன் தாத்தா செய்தது பெரிய தவறு என்று எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். ராத்மன் அதைக் கேட்கவில்லை. 90 வயதில், அதே வருடம் ஜனவரியில் இறந்துபோயிருந்தார். மூன்று மாதம்!

சரி, என் சீனியரின் கூடாரத்துக்கு வருகிறேன். 2000ஆம் ஆண்டுச் சட்டம் நடக்க உரிமை கொடுத்ததே தவிர, தங்க உரிமை கொடுக்கவில்லை. பின்னிணைப்பில் செய்யக் கூடாதவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஏற்பாடு செய்த விளையாட்டுப் போட்டிகள், பாராகிளைடிங் இவற்றோடு கூடாரம் அடிப்பதும் அதில் அடங்கும். நில உரிமையாளர் அனுமதி கொடுத்தால் மட்டுமே முடியும். எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தது ஒரு முகாம், கடைசியில் வந்த சட்டத்தில் முகாமுக்கு மட்டும் இடமில்லை.

விதிவிலக்கு டார்ட்மூர். தென்மேற்கு இங்கிலாந்தில் இருக்கும் அந்தப் பொதுநிலத்துக்கு 1985இல் ஒரு தனிச் சட்டம் உண்டு. 'திறந்தவெளிப் பொழுதுபோக்குக்காக' நடந்தும் குதிரையிலும் போகலாம் என்கிறது அது. அங்கே நிலம் வைத்திருந்த ஒரு தம்பதி, கூடாரத்தில் தூங்குவது பொழுதுபோக்கில் சேராது என்று வழக்குப் போட்டார்கள். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் ஆமாம், சேராது என்றது. ஆயிரக்கணக்கில் மக்கள் டார்ட்மூரில் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூடாரம் அடிப்பதும் பொழுதுபோக்குதான் என்று ஒருமனதாக முடித்துவைத்தது. தூங்குவது பொழுதுபோக்கா என்று எங்கள் ஹாஸ்டலில் கேட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள், இவ்வளவு செலவு ஆகியிருக்காது.

அந்தத் தீர்ப்பு டார்ட்மூருக்கு மட்டும்தான். மாம் டாரில் இன்றைக்கும் சூரியன் மறையும் வரை நிற்கலாம், உட்காரலாம், கிண்டரைப் பார்த்துக்கொண்டே கொண்டுவந்த இட்லியைச் சாப்பிடலாம் (சீனியர் அதைத்தான் செய்தாராம்). இருட்டினால் இறங்க வேண்டும். ஹாலின்ஸ் கிராஸ் வழியாக, சவப்பெட்டி வந்த பாதையில் எதிர்த் திசையில் இறங்கினால் ஈடேல். அங்கே ஒரு வயலில், காசு கட்டிவிட்டுக் கூடாரம்.